செல்போன் டீமுக்கு ராத்தூக்கத்தைக் கொடுக்கலாமா?

தூத்துக்குடியில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் கடைத்தெருவில் நெருக்கடி. கூலி பட்டுவாடா ஒரு பக்கம், சரக்கு இறக்குகிற லாரி ஒரு பக்கம், வாரக் கணக்கு முடிக்கிற அவசரம் ஒரு பக்கம். ஆனால் சில கடைகளில் அந்த நேரம் பார்த்து கல்லாவில் இருப்பவர் தலை நிமிர்வது இல்லை. கண் முழுக்க செல்போனில் இருக்கிறது.

"அண்ணாச்சி, அரை கிலோ சீனி!"

"இருப்பா, டீம் போட்டுட்டு வாரேன். இன்னும் அஞ்சு நிமிசந்தான் இருக்கு!"

எந்த டீம்? தருவை மைதானத்தில் பந்து உதைக்கிற டீம் அல்ல. இங்கிலாந்தில் ஆடுகிற டீமும் அல்ல. அவருடைய செல்போனுக்குள் மட்டும் இருக்கிற டீம்! அந்த டீமுக்கு மைதானம் கிடையாது, பந்து கிடையாது, சட்டை கிடையாது. ஆனால் அது தோற்றால் அண்ணாச்சிக்கு அன்று ராத்திரி சோறு இறங்காது.

கடைக்காரர் மட்டும் அல்ல. கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் குமாஸ்தா, திருநெல்வேலி பஸ்சில் தினமும் போய் வருகிறவர், காலேஜ் பையன், முத்துநகர் எக்ஸ்பிரசில் மேல் பர்த்தில் படுத்திருப்பவர் என்று பல பேரை இந்த ஆட்டம் பிடித்துக்கொண்டு இருக்கிறது. 'பேன்டசி' ஆட்டம் என்று இதற்குப் பெயர். ஊரில் சுருக்கமாக "டீம் போடுறது" என்பார்கள்.

பொழுதுபோக்காக ஆடினால் இதில் தப்பே இல்லை. பொழுதையே விழுங்க ஆரம்பித்தால்தான் யோசிக்க வேண்டும்.

15 பேர், 10 கோடி பவுண்டு!

ஆட்டம் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம்.

இங்கிலாந்தில் பிரிமியர் லீக் என்ற கால்பந்துப் போட்டி ஆகஸ்டு மாதம் தொடங்கி மே மாதம் வரை நடக்கும். 20 கிளப்புகள் ஆடுகின்றன. ஒவ்வொரு கிளப்புக்கும் 38 ஆட்டம்.

அந்தக் கிளப்புகளில் ஆடுகிறவர்களில் இருந்து 15 பேரை ஒருவர் தன் விருப்பப்படி பொறுக்கி எடுக்கலாம். கோல்கீப்பர் 2, பின்வரிசை 5, நடுவரிசை 5, முன்வரிசை 3. ஒரே கிளப்பில் இருந்து 3 பேருக்கு மேல் கூடாது. செலவு செய்ய 10 கோடி பவுண்டு உண்டு. எல்லாம் காகிதப் பணம்தான்! அதற்குள் 15 பேரையும் வாங்கி முடிக்க வேண்டும்.

அந்த ஆட்டக்காரர் அங்கே நிஜமாக ஆடுவதை வைத்து இங்கே பாயிண்ட் விழும். முன்வரிசைக்காரர் கோல் போட்டால் 4, நடுவரிசைக்காரர் போட்டால் 5, பின்வரிசைக்காரர் போட்டால் 6. கோல் போட உதவினால் 3. மஞ்சள் அட்டை வாங்கினால் 1 குறையும், சிவப்பு அட்டை என்றால் 3 குறையும். ஒருவரை 'கேப்டன்' என்று குறித்தால் அவருடைய பாயிண்ட் இரண்டு மடங்கு. வாராவாரம் ஆள் மாற்றலாம். அனுமதித்த அளவுக்கு மேல் மாற்றினால் ஆளுக்கு 4 பாயிண்ட் அபராதம்!

வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே டீமை முடிவு செய்துவிட வேண்டும். சனிக்கிழமை அங்கே மதியம் 12.30 மணி ஆட்டம் என்றால், இங்கே கெடு மாலை 3.30 மணி அல்லது 4.30 மணி. அங்கே கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தை மாற்றி வைப்பதால் இந்த ஒரு மணி நேர வித்தியாசம். கடைத்தெரு பரபரப்பாக இருக்கிற அதே நேரம்!

இந்த ஆட்டத்தைப் பிரிமியர் லீக் 2002-ம் ஆண்டு முதல் நடத்துகிறது. கட்டணம் கிடையாது. இப்போது உலகம் முழுவதும் ஒரு கோடிக்கு மேற்பட்ட டீம்கள் இதில் பதிவாகின்றன. அந்த ஒரு கோடியில் ஒருவர்தான் முதலாவதாக வர முடியும். மற்றவர்களுக்கு? பெருமூச்சுதான்.

பென்சிலும் பேப்பரும்

முதலில் இது இப்படிப் பைத்தியமாகவா தொடங்கியது? இல்லை.

1962-ம் ஆண்டு அமெரிக்காவில் ஓக்லண்ட் நகர டீமோடு தொடர்புடைய வின்கன்பாக் என்பவரும் அவருடைய சில நண்பர்களும் சேர்ந்து இப்படி ஓர் ஆட்டத்தை யோசித்தார்கள். அது அமெரிக்கக் கால்பந்து. கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். நண்பர்கள் ஆளுக்கு ஒரு டீம் எழுதி வைத்துக் கொள்வார்கள். மறுநாள் பத்திரிகையில் முடிவு வந்ததும் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். கேலி, கிண்டல், சிரிப்பு. அதோடு சரி. அடுத்த வாரம் வரை அந்தப் பேச்சு இருக்காது.

பத்திரிகை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். செல்போன் நிமிஷத்துக்கு நிமிஷம் கூப்பிடும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. ஆட்டம் மாறவில்லை. ஆட்டத்துக்கும் ஆளுக்கும் நடுவே இருந்த இடைவெளி போய்விட்டது.

பந்தயப் பணம் போன கதை

நம் நாட்டில் இது கிரிக்கெட் வழியாகத்தான் பெரிதாக வந்தது. 'ட்ரீம் லெவன்' நிறுவனம் 2008-ல் தொடங்கியது. 2020-ல் ஐ.பி.எல். போட்டிக்கே தன் பெயரைச் சூட்டும் அளவுக்கு வளர்ந்தது. அந்த ஒரு வருஷத்துக்கு அது கொடுத்த தொகை 222 கோடி ரூபாய்! 2023-ல் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலும் அதன் பெயர் ஏறியது.

அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு என்று நினைத்துப் பல கோடி பேர் கட்டிய சின்னச் சின்னக் கட்டணத்தில் இருந்துதான் வந்தது. ஜெயித்தவர் படத்தை விளம்பரத்தில் போட்டார்கள். தோற்றவர் படத்தைப் போட விளம்பரத்தில் இடம் ஏது?

இது சூதாட்டமா, திறமை ஆட்டமா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. குதிரைப் பந்தயம் திறமையைச் சேர்ந்தது என்று சென்னை பந்தய வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அதே வழியில், டீம் போடுவதும் திறமைதான் என்று 2017-ல் பஞ்சாப்-அரியானா ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

தமிழ்நாட்டில் இணைய ரம்மியில் பணத்தை இழந்து பலர் உயிரை மாய்த்துக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். 2022-ல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, தடைச் சட்டம் கொண்டு வந்தார்கள். அந்த மசோதாவை 2023 மார்ச்சில் கவர்னர் திருப்பி அனுப்பினார். சட்டசபை மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது.

கடைசியில் மத்திய அரசே சட்டம் போட்டது. 2025 ஆகஸ்டு 20-ந் தேதி லோக்சபாவிலும் 21-ந் தேதி ராஜ்யசபாவிலும் நிறைவேறி, 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதலும் கிடைத்தது. திறமை, அதிர்ஷ்டம் என்ற வித்தியாசமே இல்லாமல், பணம் கட்டி ஆடுகிற இணைய ஆட்டங்களை நடத்தினால் 3 ஆண்டு வரை ஜெயில், ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆண்டுக்கு 45 கோடி பேர் சுமார் 20 ஆயிரம் கோடி ரூபாயை இந்த ஆட்டங்களில் இழக்கிறார்கள் என்பது அரசு தரப்பில் சொன்ன மதிப்பீடு. உடனே பெரிய நிறுவனங்கள் பணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டன. அடுத்த மாதம் ஆசியக் கோப்பையில் இந்திய அணி விளம்பரதாரர் பெயர் இல்லாத சட்டையோடு ஆடியது.

"அப்புறம் என்ன, பிரச்சினைதான் தீர்ந்துபோச்சே?" என்று கேட்கலாம்.

தீரவில்லை. பணம் கட்டுகிற கதவைத்தான் சட்டம் சாத்தியது. மனசைக் கட்டி வைத்திருக்கிற கயிறு அப்படியே இருக்கிறது. இலவச ஆட்டங்கள் தொடர்கின்றன. ஓசியில் ஆடுகிற ஆட்டத்துக்காக ராத்திரி இரண்டு மணி வரை விழித்து இருக்கிறவர்களை எந்தச் சட்டத்தால் படுக்க வைக்க முடியும்?

இதில் இன்னொரு தந்திரமும் நடக்கிறது. வாட்ஸ்அப் குரூப் போட்டு, "ஆளுக்கு ஐநூறு. முதல் ஆளுக்கு மொத்தமும்" என்று தங்களுக்குள்ளேயே வசூல் செய்கிறார்கள். சீசன் முடியும்போது கணக்குத் தகராறு. கூடப் படித்தவனோடு பேச்சு நின்றுபோகிறது. ஐநூறு ரூபாய்க்கு இருபது வருஷ சிநேகிதம்!

மூடின சிப்பி

முத்துக்குளித்த ஊருக்கு இந்த மயக்கம் புதிது அல்ல. கொற்கைக் காலம் தொட்டு இந்தக் கடலோரம் அதைப் பார்த்திருக்கிறது.

தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதற்கு முன் 1928-ல் நடந்தது. நடுவில் 27 வருஷம் ஒன்றும் இல்லை. பாரில் சிப்பி விளைந்தால்தான் குளிப்பு. விளையாவிட்டால் காத்திருக்க வேண்டும்.

குளித்து எடுத்த சிப்பியில் குளிகாரர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி சர்க்காருக்கு. சர்க்கார் பங்கை ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் விடுவார்கள். சிப்பியைத் திறந்து பார்த்து வாங்க முடியாது. மூடினபடியேதான் வாங்க வேண்டும். குளிகாரர்கள் தங்கள் பங்கைக் கரையிலேயே சில்லறையாக விற்பார்கள். பெரிய வியாபாரி முதல் கூலிக்காரர் வரை அவரவர் மடியில் இருந்த காசுக்குத் தக்கபடி வாங்கினார்கள்.

கண்ணை மூடிக்கொண்டா வாங்கினார்கள்? இல்லை. குளிப்பு தொடங்கும் முன்பே மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்துத் திறந்து, விவரம் தெரிந்த முத்து வியாபாரிகளைக் கொண்டு மதிப்புப் போடுவார்கள். எந்தப் பாரில் எப்படி விளைந்திருக்கிறது என்று கணக்கு உண்டு. அனுபவசாலிக்கும் புதுசாக வந்தவனுக்கும் வித்தியாசம் இருந்தது. திறமை இருந்தது.

ஆனால் எவ்வளவு பெரிய அனுபவசாலியாக இருந்தாலும், தன் குவியலில் இருக்கிற சிப்பிக்குள் முத்து இருக்கிறதா என்று சொல்ல முடியாது. மாதிரிச் சிப்பி வேறு, வாங்கின சிப்பி வேறு.

டீம் போடுகிற ஆட்டமும் அச்சாக இதேதான். போன ஐந்து ஆட்டத்தில் எத்தனை கோல், எத்தனை தடவை கோலை நோக்கி அடித்தார், எதிர் டீமின் தற்காப்பு எப்படி, எல்லாம் கையில் இருக்கிறது. அது மாதிரிச் சிப்பி. இந்த வாரம் பத்தாவது நிமிஷத்தில் அவர் கால் பிசகும் என்பது எந்தப் புள்ளிவிவரத்திலும் இருக்காது. அது மூடின சிப்பி.

இதைப் புரிந்துகொண்ட வியாபாரி என்ன செய்தார்? போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையைத்தான் சிப்பியில் போட்டார். குளிப்பு சில வாரத்தில் முடிந்ததும் கணக்கை முடித்துக்கொண்டு வழக்கமான தொழிலுக்குத் திரும்பினார். புரிந்துகொள்ளாதவர், அடுத்த குவியலில் விட்டதைப் பிடித்துவிடலாம் என்று கடன் வாங்கினார்.

செல்போன் ஆட்டத்தில் அந்த முடிவே வருவது இல்லை. மே மாதம் இங்கிலாந்து சீசன் முடிந்தால் உலகக் கோப்பை. அது முடிந்தால் கிரிக்கெட். அது முடிவதற்குள் மறுபடி ஆகஸ்டு. இந்தக் கரையில் விசைப்படகுகளுக்குக் கூட ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உண்டு. கடலுக்கே ஓய்வு கொடுக்கிறார்கள். கண்ணுக்கு ஓய்வு இல்லை!

செஸ் சாம்பியனே முதலிடத்தில் நிலைக்கவில்லை

"எனக்கு மூளை இருக்கு. நான் கணக்குப் போட்டு ஆடுறேன்" என்று சொல்கிறவர்கள் ஒரு சேதியைத் தெரிந்துகொள்வது நல்லது.

உலக செஸ் சாம்பியனாக இருந்த மாக்னஸ் கார்ல்சன் இந்தக் கால்பந்து ஆட்டத்தில் பிரியம் உள்ளவர். 2019 டிசம்பரில் உலகப் பட்டியலில் அவர் முதலிடத்துக்கே வந்துவிட்டார். ஊர் ஊராகச் செய்தி. ஆனால் சீசன் முடியும்போது முதலிடம் அவருக்கு இல்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு கணித ஆராய்ச்சியாளர் அந்த வருஷம் ஜெயித்தார்.

இதில் இருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. கணக்குத் தெரிந்தவர்கள் மேலே வருகிறார்கள். ஆகவே திறமை உண்டு. ஆனால் உலகத்தின் தலைசிறந்த செஸ் மூளைக்கே முதலிடம் கைக்குள் நிற்கவில்லை. ஆகவே மீதி அதிர்ஷ்டம். செஸ் பலகையில் காய் எங்கே போக வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கலாம். மைதானத்தில் பந்து எங்கே போக வேண்டும் என்பதை டீம் போட்டவர் தீர்மானிக்க முடியாது.

அப்படி இருக்க, ஒரு வாரம் பாயிண்ட் குறைந்ததும் "நான் எதுக்கும் லாயக்கு இல்லாதவன்" என்று முகம் தொங்கிப் போவதில் என்ன அர்த்தம்? ஒரு வாரம் கூடியதும் "நான்தான் ராஜா" என்று நெஞ்சை நிமிர்த்துவதில்தான் என்ன அர்த்தம்? இரண்டுக்கும் காரணம் அவர் அல்ல. யாரோ ஒரு இருபது வயசுப் பையன் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் பந்தை உதைத்தான். கம்பத்தில் பட்டு உள்ளே போனது, அல்லது வெளியே போனது.

மனுஷன் நம்பராகிப் போனான்

இந்த ஆட்டத்தில் உள்ள மோசமான பக்கம் வேறு ஒன்று. அதைப் பற்றி அதிகம் பேசுவது இல்லை.

ஓர் ஆட்டக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் விழுகிறார். ஸ்டிரெச்சர் வருகிறது. வலியில் முகத்தை மூடுகிறார். கால்பந்தை ரசிக்கிறவனுக்கு நெஞ்சு பதறும். டீம் போட்டவனுக்கு?

"ஏல, உன் கேப்டன் என்னல ஆனான்?"

"அடிபட்டு வெளிய போயிட்டாம்ல! நாசமாப் போவான், என் டீமைக் கெடுத்துட்டான்!"

விழுந்து கிடக்கிறவனுக்கு ஒரு வருஷ வாழ்க்கை போயிருக்கலாம். சபிக்கிறவனுக்குப் போனது இரண்டு பாயிண்ட்!

சபிப்பது வாயோடு நின்றாலும் பரவாயில்லை. இப்போது ஆட்டக்காரரின் சொந்த சமூக வலைத்தளப் பக்கத்துக்கே போய் வசை எழுதுகிறார்கள். பெற்றோரை, மனைவியைத் திட்டுகிறார்கள். எழுதுகிறவர் நேரில் பார்த்தால் பரம சாதுவாக இருப்பார்.

கோபம் எங்கே வரை போகும் என்பதற்கு உலகம் மறக்காத ஒரு சம்பவம் இருக்கிறது. 1994 உலகக் கோப்பையில் கொலம்பியா நாட்டின் தற்காப்பு ஆட்டக்காரர் எஸ்கோபார், அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் தவறுதலாகத் தன் பக்கத்திலேயே கோல் விழச் செய்துவிட்டார். சில நாளில் ஊர் திரும்பினார். ஜூலை 2-ந் தேதி மெடலின் நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த கோலும் அதில் போன பந்தயப் பணமும்தான் காரணம் என்று அன்று உலகமே பேசியது. அவருக்கு வயசு 27.

இங்கே யாரும் துப்பாக்கி தூக்கப் போவது இல்லை. ஆனால் எதிரில் இருப்பவன் மனுஷன் என்பதை மறக்கிற புத்தி எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஆட்டக்காரனை நம்பராகப் பார்க்கிற இடத்தில்தான் தொடங்குகிறது.

இன்னொரு வேடிக்கை. காலம் காலமாக ஒரு கிளப்பை நேசித்தவர், அதன் எதிர் டீம் ஆளைத் தன் 'கேப்டனாக' போட்டுவிடுகிறார். ஆட்டம் நடக்கும்போது தன் கிளப்புக்கு எதிராகவே கோல் விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்! விழுந்தால் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. ஆட்டத்தைப் பார்க்கிற சந்தோஷத்தை விற்றுவிட்டு, பாயிண்டை வாங்கியிருக்கிறார். லாபமா நஷ்டமா என்று வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

வீட்டில் என்ன நடக்கிறது?

அங்கே ராத்திரி எட்டு மணி ஆட்டம் என்றால் இங்கே நடுநிசி தாண்டி 12.30 மணி. குளிர்காலத்தில் 1.30 மணி. ஆட்டம் முடிந்து, பாயிண்ட் கூட்டிப் பார்த்து, குரூப்பில் நாலு வார்த்தை சண்டை போட்டுப் படுக்கும்போது மணி நாலு ஆகிவிடுகிறது.

காலையில் உப்பளத்துக்கு லாரி அனுப்ப வேண்டியவர் அவர். துறைமுகத்தில் சரக்கு ரசீது எழுத வேண்டியவர் அவர். பள்ளிக்கூட வேன் ஓட்ட வேண்டியவரும் அவரே. கண் எரிச்சலோடு எழுதுகிற ரசீதில் ஒரு சைபர் கூடினால் போச்சு. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு நொடி அசந்தால் அதைவிடப் பெரிதாகப் போச்சு.

சாப்பிட உட்கார்ந்தால் இலைக்குப் பக்கத்தில் செல்போன்.

"என்னங்க, புள்ள கூப்பிட்டுக்கிட்டே நிக்கான். காதுல விழலியா?"

"ஒரு நிமிசம் இரு, பெனால்டி!"

பையன் மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு நிற்கிறான். அப்பாவுக்குத் தெரிந்த மார்க் எல்லாம் இங்கிலாந்துப் பையன்களுடையது. சொந்தப் பையன் கணக்கில் எத்தனை என்று தெரியாது. இந்த நஷ்டத்தை எந்தச் சட்டத்திலும் சேர்க்க முடியாது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி

"நான் சும்மா பொழுதுபோக்காத்தான் ஆடுதேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். அது நிஜமா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை டீம் கவிழ்ந்தால், திங்கட்கிழமை காலையில் வாடிக்கையாளர் மேல் எரிந்து விழுகிறாரா? பாயிண்ட் குறைந்ததை மறைத்துப் பொய் சொல்கிறாரா? யாராவது செல்போனை ஒரு மணி நேரம் வாங்கி வைத்தால் கை பரபரக்கிறதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் அவர் தாராளமாக ஆடலாம். ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் ஆட்டம் அவரை ஆட்டுகிறது என்று அர்த்தம்.

அதற்காக உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சாமியாராகப் போக வேண்டியது இல்லை. வேலி போட்டால் போதும்.

முதல் வேலி, காசு கூடவே கூடாது. ஐநூறும் கூடாது, ஐம்பதும் கூடாது. தோற்றவர் டீ வாங்கித் தரட்டும். அதற்கு மேல் போனால் ஆட்டம் அல்ல, வழக்கு.

இரண்டாவது, வாரத்துக்கு ஒரு தடவை டீமை முடிவு செய்வது. வெள்ளிக்கிழமை ராத்திரி அரை மணி நேரம் போதும். சனிக்கிழமை கல்லாவில் உட்கார்ந்துகொண்டு மாற்றுவது இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நடுநிசி ஆட்டத்தின் முடிவைக் காலையில் காப்பி குடிக்கும்போது பார்ப்பது. கோல் எங்கேயும் ஓடிப் போகாது. விடிந்த பிறகும் அதே கோல்தான்.

நாலாவது, வாரத்தில் ஓர் ஆட்டத்தையாவது பாயிண்ட் பார்க்காமல் முழுசாகப் பார்ப்பது. பந்து ஒருவன் காலில் இருந்து இன்னொருவன் காலுக்குப் போகிற அழகு அப்போதுதான் கண்ணில் படும். முதன்முதலில் கால்பந்து பிடித்துப் போனது அதற்காகத்தானே?

இதையெல்லாம் மீறி, பணமும் போய் மனசும் உடைந்து போனவர்கள் இருக்கலாம். வெட்கப்பட்டு மூடி மறைக்க வேண்டியது இல்லை. வீட்டில் சொல்லலாம். அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கலாம். 14416 என்ற நம்பருக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். காசு கிடையாது. பெரிய லாபம் தருகிறோம் என்று வெளிநாட்டு ஆப் எதிலாவது பணம் கட்டி ஏமாந்திருந்தால் 1930-க்கு உடனே சொல்ல வேண்டும்.

கையில் இருக்கிற ஆட்டம்

இந்த மாவட்டத்துக்கு ஆட்டம் இங்கிலாந்தில் இருந்துதான் வர வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கம் மவுலானா அபுல்கலாம் ஆசாத் நினைவாக அகில இந்தியக் கால்பந்துப் போட்டியைப் பல ஆண்டுகளாக நடத்தியிருக்கிறது. வெளிமாநிலத்து டீம்கள் எல்லாம் அந்தக் கடலோர ஊருக்கு வந்து ஆடியிருக்கின்றன. கோவில்பட்டியோ ஹாக்கிக்குப் பெயர் போன ஊர். அங்கே வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் 2022-ல் இந்திய அணியில் ஆசியக் கோப்பை ஆடினார். அவரோடு ஆடிய கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர். பயிற்சி பெற்றது கோவில்பட்டியில்தான். அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கம்.

அந்த இரண்டு பையன்களையும் எத்தனை பேர் தங்கள் செல்போன் டீமில் போட்டார்கள்? இங்கிலாந்தில் மூன்றாவது கோல்கீப்பர் யார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவருக்கு, அறுபது கிலோமீட்டரில் இருக்கிற கோவில்பட்டிப் பையன் பெயர் தெரியவில்லை.

பக்கத்து மைதானத்துக்குப் போனால் ஒரு விஷயம் புரியும். பந்தை உதைக்கிறவனுக்கு மூச்சு வாங்குகிறது. முட்டியில் ரத்தம் வருகிறது. தவறவிட்டவன் தலையைக் குனிகிறான்; கூட ஆடுகிறவன் தோளில் தட்டி "விடுல, அடுத்தது போடலாம்" என்கிறான். இதைப் பார்த்தவன் எந்த ஆட்டக்காரனையும் நம்பராகப் பார்க்க மாட்டான். தோல்வியை எப்படித் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து ஓடுவது என்பதையும் அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும்.

திரேஸ்புரத்தில் இன்றும் சங்கு குளிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் கிடைக்கும், ஒரு நாள் கிடைக்காது. கிடைக்காத நாளில் அவர்கள் கடலைத் திட்டுவது இல்லை. வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, பிள்ளைகளோடு பேசிவிட்டுத் தூங்குகிறார்கள். காலையில் மறுபடி போக வேண்டுமே!

உயிரைப் பணயம் வைத்துக் கடலில் இறங்குகிறவருக்கு இருக்கிற அந்த நிதானம், கட்டிலில் படுத்துக்கொண்டு டீம் போடுகிறவருக்கும் வரவேண்டும். வந்துவிட்டால் ஆட்டமும் இனிக்கும், தூக்கமும் வரும்.